யாரோட குளிரு

எழுபது பர்சன்ட்ல நின்னுடுச்சு. நேத்தும் அங்கதான் நின்னுச்சு. கவுத்துப் போட்ட எறா பொட்டி மேல உக்காந்துக்கினு, மடியில லேப்டாப்ப வெச்சுக்கினு, வைஷ்ணவி அந்த பச்சைக் கோட்டையே மொறைச்சுனு இருந்தா. மொறைச்சா நகருமா? நகராது. ஆனா வேற இன்னா பண்றது. கோட்டைக்குப்பத்துல டவர் ஒழுங்கா கிடைக்கிற ஒரே எடம் இந்த ஐஸ் ரூம் ஷெட்டுதான். வீட்ல உக்காந்தா மீஞ்சூர் தாண்டி இருக்கற ஆபீஸ் சர்வரு ஒரு நிமிஷம் வரும், பத்து நிமிஷம் காணாம போயிடும். வாரத்துல பாதி நாளு வீட்லேந்துதான் வேலை பாக்கணும்னு கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு மட்டும் ஒரு சட்டம். ஆபீஸ்ல நாற்காலி பத்தலையாம்.

அவ பக்கத்துலயே ஐஸ் ரூம் செத்துக் கெடந்துச்சு. பொட்டிக்கடை அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு ரூமு. வெளிய செவுத்தோரமா ஃபேன் வெச்ச ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ள கம்ப்ரஸரு. ஒரு வாரமா ஓடல. கதவைத் தொறந்தா பழைய எறா வாசனையும் பினாயில் வாசனையும் ஒண்ணா சேர்ந்து மூஞ்சில அடிக்கும்.

"ஆச்சாடி?" அம்மா மனோரமா டீ டம்ளரோட வந்து நின்னா.

"எது ஆச்சா? ரூமா, என் வேலையா?"

"எதுனா ஒண்ணு ஆயிருந்தா சொல்லு. சந்தோஷப்பட்டுக்கறேன்."

மனோரமாதான் மகளிர் குழுவுக்குத் தலைவி. அதனால ஐஸ் ரூம் செத்ததுக்கு ஊர்ல யாருக்குக் கோவம் வந்தாலும் அவ வூட்டு வாசல்லதான் வந்து நிக்கும். மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணா இன்னிக்கி வரேன்பான், நாளைக்கிம்பான், அப்பால எடுக்கவே மாட்டான். மழை முடிஞ்சு முகத்துவாரம் தொறந்துடுச்சு, ஏரி பூரா எறா. ரோட்டு மேல ஏஜென்ட் வேனு ஹாரன் அடிச்சுக்கினே நிக்குது. ரூம் ஓடலன்னு அவனுக்கும் தெரியும். அவன் சொல்றதுதான் வெல.

ரூம் எப்படி செத்துச்சுன்னா, அது ஒரு கூத்து.

ஏரியில யாரு, எந்த எடத்துல, என்னிக்கி வலை போடணும்னு பாடு இருக்கு. மொறை வெச்சு, சீட்டு போட்டு, ஆளுக்கு ஒரு நாளு. பஸ் ரூட்டு மாதிரி, அதை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. போன வருஷம் ஐஸ் ரூம் வந்தப்ப, அதையும் பாட்டுல சேத்துட்டாங்க. ஒரு நாளைக்கி ஒரு கூட்டம் எறா வெச்சுக்கலாம். நல்லாத்தான் போய்னு இருந்துச்சு. ரெண்டாவது வாரமே வைஷ்ணவியோட அத்தை ருக்கு வந்து நடுவுல நின்னுக்கினா.

"நான் ராப்பூரா கரன்ட்டு குடுத்து ரூம குளிர வெச்சேன். காலைல இவளுங்க வந்து என் குளிர்ல இவளுங்க எறாவ வெப்பாளுங்களா? அது யாரோட குளிரு?"

யாரும் சிரிக்கல. பஞ்சாயத்துல ஆம்பளைங்க உக்காந்து அரை நாள் பேசுனாங்க. குளிர எப்படிப் பங்கு பிரிக்கறது? கடைசில தீர்ப்பு சொன்னாங்க. பாடு முடிஞ்சா சுவிட்ச ஆஃப் பண்ணணும். கதவ அகலத் தொறந்து குளிர வெளிய உடணும். கழுவி, அடுத்த பாட்டு ஆளுக்குக் காலி ரூமக் காட்டணும். அவங்க அவங்க கையால சுவிட்ச் போட்டு, அவங்க அவங்க குளிர அவங்களே பண்ணிக்கணும்.

அன்னிக்கி வைஷ்ணவி வாயப் பொத்திக்கினு சிரிச்சா. "யம்மா, இப்படி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மெஷினு தாங்காதும்மா."

"போய்ப் பஞ்சாயத்துல சொல்லு. உங்க மாமனுங்க பத்து பேரு உக்காந்துனு இருக்கானுங்க. கேட்டுக்குவானுங்க."

வைஷ்ணவி போகல. அந்த நியாயத்த எதுத்து யாரு பேசறது.

பாட்டுல கடைசி மொறை காசியம்மா கூட்டத்துக்கு. அவங்களுக்கு வலை கெடையாது, படகு கெடையாது. இடுப்பளவு தண்ணில உக்காந்தபடியே நகந்து, சேத்துல கைய உட்டுத் துழாவி எறா புடிப்பாங்க. புடிச்சதப் போடற ஓலைப் பறிய பல்லால கவ்விக்குவாங்க. மகளிர் குழுவுக்கு ரூம் குடுத்த திட்டத்துல அவங்களையும் சேக்கணும்னு இருந்ததால சேத்தாங்க. போன வாரம் அவங்க மொறை வந்தப்ப, காசியம்மா ஈரக்கைய முந்தானையில தொடைச்சுட்டு சுவிட்ச் போட்டா. உள்ள டொக்குன்னு ஒரு சத்தம். ம்ம்முன்னு ஒரு இழுப்பு. அப்பால ஒண்ணுமே இல்ல.

அவ்ளோதான். அவ கை பட்டதும்தான் போச்சுன்னு ருக்கு ஆரம்பிச்சா, ஊரே புடிச்சுக்கிச்சு. பஞ்சாயத்து திரும்பவும் உக்காந்துச்சு. மெஷின் மேல தப்புன்னா கம்பெனி மாத்திக் குடுக்கும், பாடு பழையபடி ஓடும். ஓட்டுனவங்க மேல தப்புன்னா, யாரு பாட்டுல செத்துச்சோ அவங்க சரி பண்ணித் தரணும். முடியலன்னா பாட்ட உட்டுடணும். காசியம்மா கூட்டத்தால எப்படி முடியும்? அது எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சேதான் சொன்னாங்க.

வைஷ்ணவிக்கி வயித்தெரிச்சல் எங்கன்னா, அவ மடியில ஓடறதே இந்த கம்ப்ரஸர்தான். அதே மாடலு. ரோட்டரி கம்ப்ரஸர்க்குள்ள சுத்தற ஷாஃப்ட் எவ்ளோ வளையுதுன்னு கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்கறதுதான் அவளோட வேலை. அவ கம்பெனி இன்னொரு கம்பெனிக்கி ஓட்டிக் குடுக்குது, அந்த கம்பெனிதான் மெஷின் விக்குது. மூணு மாசமா ஒரே ஷாஃப்ட்டு. ரிப்போர்ட் அனுப்புவா, திரும்பி வரும். கலர மாத்து. எழுத்தப் பெருசு பண்ணு. அந்த பேரிங்க விறைப்பா வெச்சு ஒரு தடவ ஓட்டு. இல்ல இல்ல, பழையபடியே ஓட்டு. அவ ஃபோல்டர்ல 'ஃபைனல்'னு ஒரு ஃபைலு, 'ஃபைனல் ரெண்டு'ன்னு ஒரு ஃபைலு, 'நெஜமாவே ஃபைனல்'னு ஒரு ஃபைலு.

"அப்படி இன்னாதான் பாக்கற அதுல?" அம்மா டீய நீட்டுனா.

"ஒரு இரும்புத் தண்டும்மா. நைனா படகு இன்ஜின் தண்டு மாதிரி, ஆனா கட்டைவெரல் பருமன்தான். நடுவுல ஒரு பக்கம் மட்டும் பொடைச்சுக்கினு இருக்கும். அது சுத்தி சுத்தித்தான் கேஸ நசுக்கும். நசுக்கும்போது கேஸு திரும்பித் தள்ளும் இல்ல? அப்ப தண்டு லைட்டா வளையும்."

"ஒடையுமா?"

"ஒடையாது. வளைஞ்சு, அதத் தாங்கிக்கினு இருக்கற பேரிங் ஓரத்துல ஒரசும். எண்ணெ இருந்தா ஒரசாது. நீங்க ஆஃப் பண்ணி வெக்கறப்ப கேஸு தண்ணியாட்டம் எறங்கி எண்ணெயில கலந்துடும். எண்ணெ நீத்துப்போவும். ஒடனே ஆன் பண்ணா, நீத்துப்போன எண்ணெ, தண்ணியான கேஸு, ஒரே தள்ளு. அங்கதான் மாட்டும். ஒரு நாள்ல மாட்டாது. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா தேயும்."

"அப்ப காசியம்மா கை பட்டதால இல்ல."

"கை பட்டு இரும்பு கெடுமாம்மா? உங்க அத்தனை பேரு பாட்டுலயும் தேஞ்சிருக்கு. அவ மொறையில நின்னுச்சு."

மனோரமா டம்ளர வாங்கிக்கினா. "இத உங்க ஆபீஸ்ல சொல்லேன்டி."

சொல்லத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ற மாதிரி ஒரு கணக்க அவளாத்தான் சேத்தா, யாரும் கேக்கல. மதியத்துக்கு மேல எழுபது எழுபத்தொண்ணாச்சு, அப்பறம் விறுவிறுன்னு போய் முடிஞ்சுது. படத்தத் தொறந்தா, ஷாஃப்ட் மேல் பேரிங்குக்குள்ள நுழையற ஓரம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. அவளுக்கு அந்த செவப்பப் பாத்ததும் குதிக்கணும்போல இருந்துச்சு. பொட்டி ஆடுச்சுன்னு குதிக்கல.

அனுப்பி அரை மணி நேரத்துல டீம் லீடு எப்சிபா ஃபோன் பண்ணா. கெட்டவ இல்ல. அவளுக்கு மேல ரெண்டு பேரு, அவங்களுக்கு மேல கிளையன்ட்டு.

"வைஷ்ணவி, அந்த ஆஃப்-ஆன் கணக்கு எதுக்குமா? எடுத்துடு. நார்மலா ஓடும்போது ஷாஃப்ட் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு?"

"இருக்கு மேம். ஆஃப் பண்ணி ஒடனே ஆன் பண்ணாதான் மேம் தாண்டுது."

"யாரும்மா கோல்ட் ரூம தெனம் ஆஃப் பண்ணி ஆன் பண்றாங்க?"

"எங்க ஊர்ல பண்றாங்க மேம்."

"எதுக்கு?"

எப்படிச் சொல்றது. "குளிர பங்கு போட்டுக்க மேம்."

"என்னது?"

சொன்னா. பாடு, சீட்டு, ருக்கு அத்தை, பஞ்சாயத்து, எல்லாத்தையும் சொன்னா. அந்தப் பக்கம் எப்சிபா சிரிச்சா, அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டு, "இது நெஜமா?"ன்னா.

"நெஜம் மேம். எங்க ரூம் ஒரு வாரமா ஓடல. இதே மாடல்தான் மேம். ஷாஃப்ட்ட கொஞ்சம் தடியாக்கணும், இல்லன்னா ஆஃப் பண்ணதும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் ஆகாம இருக்க ஒரு டைமர் வெக்கணும். அடியில சூடு குடுக்கற பட்டை ஒண்ணு கட்டுனாலே போதும். இத எடுக்காதீங்க மேம்."

"இரு, கேட்டு சொல்றேன்."

சாயந்தரம் திரும்ப ஃபோன் வந்துச்சு. வைஷ்ணவி எடுக்கறதுக்கு முன்னாடியே சண்டை போடறதுக்கு வார்த்தையெல்லாம் அடுக்கி வெச்சுருந்தா. தேவைப்படல.

"கிளையன்ட்டுக்கு ரொம்ப புடிச்சிருக்கு. அந்தக் கணக்கு இருக்கட்டும். அந்த ஊர்ல எப்படி யூஸ் பண்றாங்கன்னு விவரமா எழுதி சேத்துடு. ஊர் பேரு போடு. ஃபீல்டு டேட்டான்னா அவங்களுக்கு உசுரு. அப்பறம் படத்துல வளையறத பெருசாக்கிக் காட்டு, இப்ப கோடு மாதிரி நேரா இருக்கு. தெரியணும் இல்ல."

நெஜமா வளையறது தலைமுடியில பாதி தடிமன்கூட வராது. அதுக்குத்தான் சாஃப்ட்வேர்ல பெருசாக்கிக் காட்டற வசதி. வைஷ்ணவி ஏத்தி வெச்சா. ஷாஃப்ட் தூண்டி முள்ளு மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. கீழ பொடி எழுத்துல எத்தன மடங்குன்னு தானா வந்து விழுந்துச்சு. பாடு எப்படி மாறுது, கதவு எப்படித் தொறக்குது, கழுவற தண்ணி, சுவிட்ச் போடற கை, ஒண்ணு விடாம எழுதுனா. மூணு மாசத்துல மொதல் தடவையா திரும்பி வராம ஒரு ரிப்போர்ட் போச்சு.

"மாத்திக் குடுத்துடுவாங்கம்மா," வீட்டுக்குள்ள நொழையும்போதே சொன்னா. "மெஷின் மேலதான் தப்புன்னு எழுதியே குடுத்துட்டேன்."

மறுநாள் மனோரமா கரையோரம் போயி காசியம்மாகிட்ட சொன்னா. காசியம்மா வாயிலேந்து பறிய எடுத்துட்டு, "உன் பொண்ணு சொல்லுச்சா?"ன்னு கேட்டா. ஆமான்னதும் திரும்பப் பறிய கவ்விக்கினா. வாயில பறியோட சிரிச்சா எப்படி இருக்கும்னு மனோரமா வீட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டுனா.

மெக்கானிக் ரஞ்சித்குமார் அடுத்த வாரம் வந்தான். பைக்குப் பின்னாடி ஒரு அட்டப்பொட்டி கட்டியிருந்துச்சு. பொட்டியப் பாத்ததும் ஷெட்டுல கூட்டம் சேந்துடுச்சு. ருக்கு முன்னாடி, மத்தவளுங்க பின்னாடி. காசியம்மா ஏரியிலேந்து அப்படியே வந்திருந்தா, பொடவையிலேந்து தண்ணி சொட்டிக்கினு இருந்துச்சு. அவ உள்ள வரல, ஷெட் ஓரமா நின்னா.

"இன்னா நைனா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" ருக்கு ஆரம்பிச்சா.

"அக்கா, நாப்பது ஊரு நான் ஒருத்தன் பாக்கறேன். திட்றதுன்னா ஒரு டீ குடுத்துட்டுத் திட்டு."

"மொதல்ல மெஷின மாட்டு. டீ என்ன, எறா வறுத்தே தரேன்."

அவன் பொட்டியப் பிரிச்சான். உள்ள கம்ப்ரஸர் இல்ல. கட்டு கட்டா ஸ்டிக்கரு. ஒண்ண உரிச்சு, வெள்ளைத் தகட்டுக் கதவுல, எல்லாருக்கும் தெரியற ஒசரத்துல, உள்ளங்கையால நீவி நீவி ஒட்டுனான். ஆஃப் பண்ணி ஒடனே ஆன் பண்ணக்கூடாது, பண்ணா வாரன்ட்டி செல்லாதுன்னு பெரிய எழுத்துல. நடுவுல படம். பச்சை, மஞ்சா, ஓரத்துல செவப்பு. தூண்டி முள்ளு மாதிரி வளைஞ்ச ஷாஃப்ட்டு.

வைஷ்ணவிக்கி மொதல்ல பெருமையா இருந்துச்சு, அவ போட்ட கலர்தான். அப்பறம்தான் படத்துக்கு அடியில பாத்தா. எத்தன மடங்குன்னு சொல்ற பொடி எழுத்த வெட்டியிருந்தாங்க.

"பாருங்கக்கா, நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணா உள்ள இப்படித்தான் ஆவுது. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டாங்க. உங்க ஊரு பேரு போட்டே பேப்பர் வந்துருக்கு. கோட்டைக்குப்பத்துல தெனமும் ஆஃப் பண்றாங்கன்னு. நான் இன்னா பண்ணட்டும், எனக்கு மெயில் வந்துச்சு. இது யூசர் மிஸ்டேக்கு. புதுசு வேணும்னா நீங்கதான் வாங்கணும்."

"யோவ்," வைஷ்ணவி முன்னாடி வந்தா. "அது பெருசாக்கிக் காட்டுன படம். நெஜத்துல அவ்ளோ வளையாது. தப்பு டிசைன்ல. டைமர் வெச்சா இது வரவே வராது, அதையும் எழுதியிருக்கு. படிச்சியா நீ?"

"டைமரா? அது அடுத்த மாடல்ல வருதும்மா. சூடு பட்டையும் வருது. செம மாடலு." அவன் அவளையே பாத்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

அவ பதில் சொல்றதுக்குள்ள அம்மா மெதுவா கேட்டா. "நீயா எழுதிக் குடுத்த?"

வைஷ்ணவி தலைய ஆட்டுனா. அப்பால ருக்கு பேசுனா, வேற பக்கம் பாத்துக்கினு. "கடைசியா சுவிட்சு போட்டது யாரு?"

"அத்தை, எல்லாரும்தான் போட்டீங்க. நீதானே ஆஃப் பண்ணணும்னு—"

"நான் போட்டப்ப ஓடுச்சுடி. ஓடுச்சா இல்லயா? சொல்லு."

ஓடத்தான் செஞ்சுது.

வைஷ்ணவி வெளிய வந்து எப்சிபாவுக்கு ஃபோன் பண்ணா. எப்சிபாதான் மொதல்ல பேசுனா. "நானே கூப்பிடணும்னு இருந்தேன். உன் கான்ட்ராக்ட் ஒரு வருஷம் நீட்டியாச்சு. அடுத்த மாடல் ஷாஃப்ட்டும் உனக்குத்தான்."

"மேம், எங்க ஊருக்கு வாரன்ட்டி இல்லன்னுட்டாங்க மேம். என் படத்த ஒட்டி."

"அது சர்வீஸ் டிபார்ட்மென்ட்டுமா. நம்ம கையில இல்ல. நான் வேணா கேட்டுப் பாக்கறேன்." அவ கேக்க மாட்டான்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கேட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னும் தெரியும்.

திரும்பி வந்தப்ப கூட்டம் கலைஞ்சிருந்துச்சு. கதவு முன்னாடி காசியம்மா மட்டும் நின்னுனு இருந்தா. ஈர வெரலால அந்த செவப்பத் தொட்டுப் பாத்தா.

"இம்மாம் வளைஞ்சுதா பாப்பா?"

"இல்லக்கா. முடி அளவுகூட இல்ல. கண்ணுக்குத் தெரியணும்னு பெருசா காட்டிருக்கு."

"ஓ." காசியம்மா வெரல எடுத்துட்டு, முந்தானையில தொடைச்சுக்கினா. "அப்ப நாங்க வளைச்ச மாதிரிதான் இருக்கு."

பஞ்சாயத்து மூணாவது தடவை சீக்கிரமே முடிஞ்சுடுச்சு. வலைக்காரக் குடும்பங்க தலைக்கு இவ்ளோன்னு போட்டு புது கம்ப்ரஸர் வாங்குனாங்க, அதே மாடலு. பங்கு போட்டவங்களுக்குத்தான் பாடு. மனோரமா காசியம்மா கூட்டத்துப் பேரையும் சேக்கணும்னு எழுந்து நின்னு சொல்லிப் பாத்தா. அவ கொழுந்தனே, "உன் பொண்ணுதானே அண்ணி எழுதிக் குடுத்துச்சு, ஓட்டுனவங்க தப்புன்னு?"ன்னு கேட்டான். ஒக்காந்துட்டா. வீட்ல ரெண்டு நாளு வைஷ்ணவிகிட்ட பேசல. மூணாவது நாளு டீ கொண்டாந்தா, ஆச்சான்னு கேக்கல.

இப்பெல்லாம் ரூம யாரும் ஆஃப் பண்றதில்ல. குளிரு யாரோடதுன்னு ருக்கு அத்தைகூட கேக்கறதில்ல. ஒருத்தர் எறாவ எடுக்க எடுக்க இன்னொருத்தர் வெக்கறாங்க. ராப்பகலா ஒரே சீரா ஓடுது.

வைஷ்ணவி அதே பொட்டி மேல, அதே டவருக்காக, அடுத்த மாடல் ஷாஃப்ட்ட ஓட்டிக்கினு இருந்தா. கொஞ்சம் தடி ஷாஃப்ட்டு. அறுபத்தெட்டுல நின்னுச்சு. வெயிலு மண்டைய பொளந்துச்சு. ஏஜென்ட் வேன் இன்னும் வரல. அந்தப் பக்கம் நெழலுன்னா ஷெட்டுக்குப் பின்னால இருக்கற ஒரு துண்டு நெழலுதான். காசியம்மா அங்க வந்து, பறிய எறக்கி வெச்சு, மேல ஈரச்சாக்கப் போட்டு மூடிட்டு குந்துனா. ரூமுக்குள்ள இருக்கற சூட்டையெல்லாம் இழுத்து அந்தப் பக்கமாத்தான் வெளிப் பெட்டியோட ஃபேன் தள்ளும். அனல்காத்துல சாக்கு சீக்கிரமே காஞ்சுபோய், ஒரு ஓரம் படபடன்னு அடிச்சுக்கிச்சு. காசியம்மா எழுந்து பறிய வெயிலுக்கு நகத்துனா. வெயிலுல கைய வெச்சுப் பாத்துட்டு, திரும்ப ஃபேன் முன்னாடியே இழுத்து வெச்சு, அனலு பறி மேல படாம காத்துக்குக் குறுக்கால முதுகக் காட்டி உக்காந்தா.